சிகரெட் பிடிக்காத கிறிஸ்தவன்

துறையூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஒருவரைக் காட்டி "அவர் நல்ல கிறிஸ்தவர்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் மனதில் உடனே ஒரு படம் வந்துவிடும். சிகரெட் கிடையாது. குடி கிடையாது. ஞாயிறு பூசை தவறாது. தவக்காலம் 40 நாளும் கவிச்சி தொடமாட்டார். கடை வைத்திருந்தால் எடை குறையாது. ஆபீசில் இருந்தால் மேஜைக்கு அடியில் கை நீளாது. பொய் சொல்லிவிட்டால் அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழித்துவிடுவார்.

எல்லாம் நல்ல விஷயம்தான். யாரும் கேலி செய்யவில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் இடம் இருக்காது. இவர் தன் பெண்ணுக்கு எந்தத் தெருவில் மாப்பிள்ளை தேடினார்? இவர் அப்பாவைப் புதைத்த கல்லறையில் பக்கத்துக் குழி யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது?

"அதெல்லாம் எதுக்குங்க இங்க? விசுவாசத்தைப் பத்திப் பேசுங்க" என்பார்கள். சரி, விசுவாசத்தைப் பற்றியே பேசலாம்.

கோட்டப்பாளையம்

துறையூர் வட்டத்தில் இருக்கிறது கோட்டப்பாளையம். வருவாய்த்துறைக் கணக்கில் திருச்சி மாவட்டம். ஆனால் கொள்ளிடத்துக்கு வடக்கே இருப்பதால் திருச்சபைக் கணக்கில் கும்பகோணம் மறைமாவட்டம். அங்கே இருப்பது புனித மகதலா மரியாள் ஆலயம்.

இந்த ஊர்ப் பெயர் 2025 பிப்ரவரியில் டெல்லி வரை போனது. அந்தப் பங்கைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவர்கள், கோயில் காரியங்களில் தங்களுக்குச் சம இடம் இல்லை, திருவிழா முதல் அடக்கம் வரை பாகுபாடு இருக்கிறது என்று சொல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதற்கு முன்பு 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்கள் கேட்டதைத் தர மறுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்று எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பியது.

மனுவில் சொன்னது ஒவ்வொன்றும் உண்மையா என்று தீர்மானிப்பது நீதிபதிகள் வேலை. அதைப் பற்றி இங்கே தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. யோசிக்க வேண்டியது வேறு. ஒரே கிண்ணத்தின் முன்னால் மண்டியிடும் மனிதர்கள், "எங்களையும் சமமாக நடத்தச் சொல்லுங்கள்" என்று கேட்க அரசியல் சாசனத்தைத் தூக்கிக்கொண்டு டெல்லிக்குப் போக வேண்டியிருக்கிறது. நற்செய்தி கையில் இருக்கும்போது சாசனம் எதற்குத் தேவைப்பட்டது? இந்த ஒரு கேள்விக்கே வெட்கப்பட வேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அந்தக் கோயிலின் பாதுகாவலி யார் என்றும் பாருங்கள். மகதலா மரியாள். யோவான் நற்செய்திப்படி உயிர்த்த இயேசுவை முதலில் பார்த்தவர் அவர்தான். லூக்கா நற்செய்திப்படி அவரும் மற்ற பெண்களும் போய்ச் சொன்னபோது ஆண் சீடர்கள் அதை வெற்றுப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டார்கள். சமூகம் காது கொடுக்காத ஒருவரிடம்தான் கடவுள் மிகப் பெரிய செய்தியைக் கொடுத்தனுப்பினார். அவர் பெயரில் கோயில் கட்டியவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேலப்புதூர் சுவர்

கோட்டப்பாளையம் கிராமம், படிக்காத ஜனம், அப்படித்தான் இருக்கும் என்று திருச்சி டவுன்காரர்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

திருச்சி மேலப்புதூரில் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம். அதன் நடுவே ஒரு சுவர். ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களின் கல்லறைகள், மறுபக்கம் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகள். ஆலயங்களும் கான்வென்ட்டுகளும் கல்லூரிகளும் நிறைந்த, தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தின் படித்த நகரம் இது. அதன் நடு மத்தியில்தான் இந்தச் சுவர்.

2010இல் இதை இடிக்க வேண்டும் என்று போராட வந்தவர்கள் யார் தெரியுமா? பெரியார் திராவிடர் கழகத்தினர். கறுப்புச் சட்டைக்காரர்கள். கடவுள் இல்லை என்று சொல்கிறவர்கள்!

உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் சுவரைக் கட்டிக் காப்பாற்றுகிறார்கள். செத்தால் மண்தான் என்கிறவர்கள் அதை இடிக்க வருகிறார்கள். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது இந்தப் பக்கத்துப் பிணங்கள் முதலில் எழுந்து போய்விட்டு, பிறகு அந்தப் பக்கத்துப் பிணங்கள் எழ வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்களோ என்னவோ.

அந்தியோகியாவில் நடந்த சாப்பாட்டுப் பிரச்சினை

கிறிஸ்தவ நேர்மை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள கலாத்தியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தைத் திறந்தால் போதும்.

அந்தியோகியா சபையில் யூதரும் யூதரல்லாதவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பேதுருவும் அப்படித்தான் சாப்பிட்டார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெதுவாகப் பந்தியைவிட்டு எழுந்துகொண்டார். கொள்கையில் எந்த மாற்றமும் இல்லை. "எல்லோரும் சமம்" என்பதை அவர் மறுக்கவும் இல்லை. சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம், அவ்வளவுதான். ஆனால் பவுல் அதைச் சின்ன விஷயமாக விடவில்லை. எல்லோர் முன்னிலையிலும் நேருக்கு நேர் கேட்டார். இது வேஷம், சுவிசேஷத்தின் உண்மைப்படி நேராக நடப்பதாகாது என்பதுதான் அவர் குற்றச்சாட்டு.

கவனியுங்கள். பேதுரு பொய் சொல்லவில்லை, திருடவில்லை, குடிக்கவில்லை. பந்தியிலிருந்து எழுந்தார். அதற்குத்தான் அவ்வளவு பெரிய அப்போஸ்தலர் அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கினார்.

வெளிவேடக்காரன் என்று பைபிளில் வரும் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் நாடக நடிகன் என்று பொருள். மேடையில் ஒரு முகம், இறங்கினால் ஒரு முகம். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவனுக்கும் இரண்டு முகம் உண்டு. நற்கருணை வாங்கும்போது ஒன்று, பொண்ணு பார்க்கும்போது இன்னொன்று.

திருமண விளம்பரப் பக்கத்தைப் புரட்டினாலே தெரியும். "ஆர்.சி." என்று போட்டு, பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கும். சி.எஸ்.ஐ., லுத்தரன் விளம்பரங்களும் அப்படித்தான். "ஜெப வாழ்க்கையுள்ள, இரட்சிக்கப்பட்ட, அதே பிரிவைச் சேர்ந்த மணமகள் தேவை" என்பார்கள். இரட்சிப்பு எல்லா ஜனத்துக்கும் உண்டாம், சம்பந்தம் மட்டும் அதே பிரிவுக்குள்ளாம்!

இது நேற்று ஆரம்பித்ததல்ல

ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். சந்நியாசி உடை, சைவச் சாப்பாடு, சமஸ்கிருதம் என்று உயர்சாதியினரிடம் போனார். பூணூலும் குடுமியும் சமூக அடையாளம்தான், மதம் இல்லை என்று வாதாடி 1623இல் ரோமிலிருந்து அனுமதியும் வாங்கிவிட்டார். பிறகு தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் வந்தார்கள். உயர்சாதிக்கு ஒரு சாமியார், மற்றவர்களுக்கு இன்னொரு சாமியார். நொபிலியின் தமிழ்த் தொண்டு பெரியது, மறுப்பதற்கில்லை. ஆனால் "சாதி என்பது சமூகப் பழக்கம்தான்" என்று அன்று திறந்த கதவை இன்றுவரை யாராலும் மூட முடியவில்லை.

பிராட்டஸ்டண்ட் தரப்பு யோக்கியமா? 1826இல் திருச்சியில் இறந்து இங்கேயே அடக்கம் செய்யப்பட்ட பிஷப் ஹீபர் சாதி விஷயத்தில் இளகிய போக்கு உள்ளவர். அவருக்குப் பின் வந்த பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டார். சாதியை உடனடியாக, முழுமையாக விட்டாக வேண்டும் என்றார். விளைவு? தஞ்சாவூர்ப் பக்கம் நிறையப் பேர் சாதியை விடவில்லை, சபையை விட்டுவிட்டுப் போனார்கள். கீர்த்தனைகளால் பெயர் பெற்ற வேதநாயகம் சாஸ்திரியார் உள்பட எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பக்தியில் குறைந்தவர்களும் இல்லை. ஞானம் இருந்தது, பக்தி இருந்தது, பாட்டு இருந்தது. கூட உட்கார மட்டும் முடியவில்லை.

தெற்கே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயில் இரண்டு கால் வைத்தது. பீடத்தில் சேர்ந்து, அங்கிருந்து பேண்ட் போல இரண்டாகப் பிரியும் கட்டிடம். ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் மற்றவர்கள். 1910இல் பிரிவினைச் சுவரை இடித்தார்கள். உடனே கோர்ட், கேஸ். அதாவது சுவரைக் காப்பாற்ற நீதிமன்றம் போனார்கள் நம்மூர்க் கிறிஸ்தவர்கள்.

2008 மார்ச்சில் எறையூர். அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்றார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே ஜெபமாலையை உருட்டுகிறவர்கள்தான்.

வழக்கமான பதில்கள்

இதைப் பேச ஆரம்பித்தால் வரும் பதில்கள் மனப்பாடம். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

ஒன்று: "இது சமூகப் பழக்கம், மதத்தில் இல்லை." ரொம்ப சரி. வரதட்சணையும் சமூகப் பழக்கம்தான். குடியும் லஞ்சமும் நல்ல நேரம் பார்ப்பதும் சமூகப் பழக்கம்தான். அதற்கெல்லாம் எதிராக எத்தனை பிரசங்கம்! பிரேதத்தை வைத்துக்கொண்டு ராகுகாலம் பார்த்தால் "அஞ்ஞானப் பழக்கம்" என்று திட்டும் சாமியாரும் ஐயரும், பிரேதம் எந்தச் சுவருக்கு இந்தப்பக்கம் என்பதில் மட்டும் "ஊர்ப் பழக்கம், நாம என்ன செய்ய முடியும்" என்கிறார்கள். ராகுகாலம் பார்த்தால் யாருக்கும் காயம் இல்லை. சுவர் அப்படியா?

இரண்டு: "வெளியே பேசினால் எதிரிகளுக்கு அவல் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நேரம் சரியில்லை." நேரம் எப்போதுமே சரியாக இருந்ததில்லை. பவுல், பேதுருவைத் தனியாகக் கூப்பிட்டு ரூமில் வைத்துப் பேசவில்லை. சபை முன்னால் பேசினார். அதைக் கடிதத்திலும் எழுதினார். சபையும் அதை ஒளிக்காமல் வேதமாகவே வைத்து 2000 ஆண்டுகளாக வாசிக்கிறது. தன் முதல் தலைவரின் தவறையே புனித நூலில் வைத்திருக்கும் ஒரு மதத்துக்கு "வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது" என்ற பேச்சு பொருந்தாது. தவிர, எதிரிக்கு அவல் கொடுப்பது சுவரைப் பற்றிப் பேசுகிறவன் அல்ல, சுவரைக் கட்டியவன்.

மூன்று: "அவங்களுக்குள்ளேயே பிரிவு இருக்கே?" இருக்கிறது. பறையர், பள்ளர், அருந்ததியர் கிறிஸ்தவர்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. அதையும் கேட்டே ஆக வேண்டும். ஆனால் மேலே இருப்பவன் இதை எதற்குச் சொல்கிறான்? திருந்துவதற்கா, தப்பிப்பதற்கா? பக்கத்து வீட்டிலும் திருட்டு நடக்கிறது என்பது திருடனுக்கு வக்காலத்து ஆகாது.

நான்கு: "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?" இதைச் சொல்கிறவர் யார் என்று கவனித்தால் போதும். சாதியால் ஒரு முறைகூட அடிபடாதவர்தான் பெரும்பாலும் சொல்வார். காலில் செருப்பு இருப்பவனுக்கு ரோட்டில் முள் தெரியாது.

சர்டிபிகேட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர்

இனி இன்னொரு பக்கம். நேர்மை பற்றிய பிரசங்கங்கள் அடிக்கடி தலித் கிறிஸ்தவன் பக்கமே திரும்புகின்றன. "வீட்டில் அந்தோணி, சர்டிபிகேட்டில் முருகன். இது பொய் இல்லையா? விசுவாசத்தை மறுதலிப்பது இல்லையா?"

துறையூர்ப் பக்கமிருந்து திருச்சிக்குக் காலேஜ் படிக்க வரும் ஒரு தலித் கிறிஸ்தவ மாணவனை நினைத்துப் பாருங்கள். 1950ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணைப்படி இந்து அல்லாதவர் எஸ்.சி. ஆக முடியாது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் சேர்க்கச் சொன்னது, நடக்கவில்லை. 2022இல் பாலகிருஷ்ணன் கமிஷன் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அவனுக்குக் கிடைப்பது பி.சி. சர்டிபிகேட். ஞானஸ்நானம் வாங்கியதால் அவன் தீண்டாமை போய்விட்டது என்று அரசாங்கம் சொல்கிறது. போகவில்லை என்று அவன் பங்குக் கல்லறை சொல்கிறது. இரண்டில் எதை நம்புவது?

தான் கும்பிடுவது ஒன்று, தாளில் எழுதுவது ஒன்று என்றால் அதில் பொய் இருக்கத்தான் செய்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்துக்குச் செய்யும் மோசடி என்றது. இந்தப் பொய் ஒரு குடும்பத்தின் மனசாட்சியை எப்படி அரிக்கும் என்பது அந்த வீடுகளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அப்பா கையைப் பிடித்துக் கோயிலுக்குப் போகும் பிள்ளை, திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு மதம்.

ஆனால் அந்தப் பொய்யைக் கண்டிக்கும் தகுதி யாருக்கு? ஒருவன் வயிற்றுக்காக ஒரு தாளில் பொய் எழுதுகிறான். இன்னொருவன் கௌரவத்துக்காகத் தன் வாழ்க்கையையே பொய்யாக எழுதுகிறான். முதல் பொய்க்குப் பிரசங்கம், இரண்டாவது பொய்க்குத் திருவிழாவில் முதல் மரியாதை. கீரைக்கும் சீரகத்துக்கும் பத்தில் ஒரு பங்கு கணக்குப் பார்த்துவிட்டு நீதியைக் கைவிட்டவர்களை இயேசு என்ன சொன்னார் என்பது மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பொறுமையாகப் படித்துக்கொள்ளலாம்.

நேர்மையின் விலை

எல்லோரும் இப்படியா? இல்லை. வடக்கன்குளத்தில் சுவரை இடிக்க நின்றவர்களும் கிறிஸ்தவர்கள்தான். பாமா ஏழு ஆண்டுகள் கன்னியாஸ்திரியாக இருந்தார். மடம் சொல்வதும் மடம் வாழ்வதும் வேறு வேறு என்று பட்டபோது வெளியே வந்தார். வேலை இல்லை, கையில் பணம் இல்லை. அந்த வலியிலிருந்து 1992இல் வந்ததுதான் "கருக்கு". நேர்மைக்கு விலை உண்டு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தமிழில் குறைவு. இத்தனைக்கும் விலை கொடுத்தது சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர். உள்ளே இருப்பவர்கள் இன்னும் பர்சையே எடுக்கவில்லை.

மேலிடம் பேசாமலும் இல்லை. 2003இல் தமிழ்நாட்டு ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதி வேற்றுமை கூடாது என்று நேரடியாகவே சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித்துகளுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. நாட்டின் சுமார் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அதுவே சொல்கிறது. அதாவது பாதிக்கு மேல்! "அவங்களுக்கும் இடம் கொடுக்கலாம்" என்று பேசும் தொனியே தப்பு. கோயிலே அவர்களுடையது. அறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகி டெல்லியில் வெளியாகிவிட்டது. துறையூர்ப் பங்குகளின் திருவிழாக் கமிட்டிக்கு அது எப்போது வந்து சேரும்?

அறிக்கைகளால் சுவர் விழாது. விழுவது வேறு இடங்களில். கல்யாண விளம்பரத்தில் அந்த ஒரு வார்த்தையை எழுதாமல் விடும்போது கொஞ்சம் விழும். "எங்க தெருவுக்கும் சப்பரம் வரணும்" என்று அவர்கள் கேட்கும்போது, வழக்கமாகச் சப்பரம் வரும் தெருக்காரன் ஒருவன் எழுந்து "வராவிட்டால் எங்கள் தெருவுக்கும் வேண்டாம்" என்று சொன்னால் கொஞ்சம் விழும். தன் அப்பாவைச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைக்க ஒரு மகன் துணிந்தால் அடியோடு ஆடும். அன்றைக்குச் சொந்தக்காரன் பேசமாட்டான், கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டான். அதுதான் விலை. பேதுரு பந்தியிலிருந்து எழுந்ததும் அந்த விலைக்குப் பயந்துதான்.

சிகரெட் பிடிக்காமல் இருக்க எந்தச் சொந்தக்காரனையும் பகைக்க வேண்டியதில்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமான புண்ணியமாக இருக்கிறது.

அடுத்த முறை துறையூரில் யாராவது "அவர் நல்ல கிறிஸ்தவர்" என்று சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "யாரோடு சாப்பிடுகிறார்?"